யாரை நம்ப, அக்கா?

கேள்வி: எனக்கு 20 வயது, ஊர் முள்ளியவளை. பெண்ணாகப் பிறந்தாலும் ஓ.எல். படித்த காலத்திலிருந்தே அது எனக்குப் பொருந்தாத மாதிரி ஓர் எண்ணம். வேறு பெயரில் முகநூலில் எழுதிப் பார்த்தேன். "நீ திருநம்பிதான் (பெண்ணாகப் பிறந்து ஆணாக உணர்பவர்), ஹோர்மோனைத் தொடங்கு" என்கிறார்கள் சிலர். "விசர், கலியாணம் கட்டினால் சரிவரும்" என்கிறார்கள் மற்றவர்கள். வாசிக்க வாசிக்க மனம் அந்தந்தப் பக்கம் சாய்கிறது. இரவில் நித்திரையே இல்லை. யாரை நம்ப, அக்கா?

பதில்: பிள்ளை, இரண்டு பகுதியையும் நம்பவேண்டாம். நாலு வரியை வாசித்துவிட்டு உங்கள் வாழ்க்கைக்குத் தீர்ப்பெழுத அவர்கள் யார்? ஏச்சு நோகும், அது தெரிந்ததே. எனக்கு அந்த வாழ்த்துகளும் கவலைதான். அத்தனை பேர் கைதட்டிய பிறகு "எனக்கு இன்னும் தெரியவில்லை" என்று சொல்ல வாய் வராது. தெரியாமல் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, வருடக்கணக்கில் என்றாலும்.

அதற்காகப் போனை மூடி வைக்கச் சொல்லவில்லை. முள்ளியவளையில் இருந்துகொண்டு ஒரு திருநம்பியின் கதையை வேறெங்கே கேட்பீர்கள்? அம்மாவிடம் எப்படிச் சொன்னேன், வேலையிடத்தில் என்ன நடந்தது என்று தன் கதையைச் சொல்பவர்களைக் கேளுங்கள். "நீ இதுதான்" என்பவர்களைத் தடைசெய்துவிடுங்கள்.

விசர் என்பது பொய். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட புதிய நோய் வகைப்பாட்டில், பிறந்த பாலினம் பொருந்தாத இந்த உணர்வு மனநோய்ப் பிரிவிலேயே இல்லை. கலியாணப் பேச்சுக்குத் தலையாட்டிவிடாதீர்கள், அதில் இன்னொருவரின் வாழ்க்கையும் இருக்கிறது. ஹோர்மோனை ஒன்லைனில் வாங்கிப் போடவே கூடாது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோனால் தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் பழையபடி வராது. இரத்தம் தடிக்கிறதா என்றும் இடைக்கிடை சோதிக்கவேண்டும். அது வைத்தியர் பார்க்கிற வேலை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். முடிவெடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றில்லை, குழப்பத்தோடேயே போகலாம். பின்னொரு காலம் பாலினத்தை மாற்றிப் பதிய விரும்பினால், 2016 முதல் இலங்கைச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி மனநல வைத்திய நிபுணர் தரும் சான்றிதழைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். அது இப்போது அவசரமில்லை. இப்போதைக்கு நித்திரைதான் முக்கியம். இரவில் மனம் தாங்காவிட்டால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். கிளினிக்குக்குப் போகும்போது நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவரும் இல்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.