காய்ச்சல் போயிற்று, மூச்சிரைப்பு போகவில்லை: நுரையீரல் வடு குறித்த கேள்விகள்

கே: வைரஸ் நிமோனியா வந்து மூன்று மாதம் ஆகிறது. ஸ்கேனில் பைப்ரோசிஸ் (நுரையீரல் வடு) என்று எழுதிவிட்டார்கள். ஆயுசுக்கும் இப்படித்தானா? – கம்பம்

ப: அந்த ஒரு சொல்லை வைத்துப் பயப்படாதீர்கள். மூன்றாம் மாதத்தில் தெரிவதில் நிறைய, ஆறாத அழற்சியாக இருக்கலாம்; ஓராண்டு வரைகூட மெல்லக் கரையும். ஸ்கேனில் மங்கலான வெண்மை பெரும்பாலும் மறைந்துவிடும். தேன்கூட்டு ஓட்டைகளும் இழுபட்டு விரிந்த மூச்சுக்குழல்களும் இருந்தால் அது நிலைத்த வடு. உட்கார்ந்தபடி விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் பார்க்கும் ஆக்ஸிஜன் அளவு ஏமாற்றும். ஆறு நிமிடம் நடந்து பாருங்கள். 4 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், அல்லது 88 சதவீதத்தைத் தொட்டால், நெஞ்சக மருத்துவரிடம் போங்கள். நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் கருவியைத் தவறாகக் காட்டவைக்கும்.

கே: ஸ்டீராய்டு மாத்திரையில் குணம் தெரிந்தது. அதே மாத்திரையைக் கடையில் வாங்கி இரண்டு மாதமாகப் போடுகிறேன். சர்க்கரை ஏறிவிட்டது, நிறுத்திவிடவா? – செங்கோட்டை

ப: சட்டென்று நிறுத்தக் கூடாது. சில வாரம் தொடர்ந்து போட்டாலே, உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு. மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாக இறக்குங்கள். சளியில் காசநோய்ப் பரிசோதனையும் கேளுங்கள், ஸ்டீராய்டு அதைக் கிளப்பிவிடும். அழற்சிக்குத்தான் அது மருந்து. இறுகிய வடுவுக்கு எத்தனை மாதம் போட்டாலும் பயனில்லை.

கே: வடு பரவுவதை மெதுவாக்கும் பிர்ஃபெனிடோன் மாத்திரை போட்டால் குமட்டல், வெயிலில் தோல் எரிகிறது. – கொழிஞ்சாம்பாறை

ப: இரண்டும் தெரிந்த பக்கவிளைவுகள். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டின் நடுவே விழுங்குங்கள். வழக்கமாக 200 மி.கி. மாத்திரை முதல் வாரம் வேளைக்கு ஒன்று, அடுத்த வாரம் இரண்டு, பிறகு மூன்று என்று, நாளைக்கு மூன்று வேளை ஏற்றுவார்கள். அவசரமாக ஏற்றினால்தான் வயிறு புரட்டும். வயலுக்குப் போனால் முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்க்ரீன். தடிப்பு பரவினால் மருத்துவரை அழையுங்கள். முதல் ஆறு மாதம் மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை. பீடி பிடித்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்துபோகும். ஒன்று சொல்ல வேண்டும்: வைரஸுக்குப் பிந்தைய வடுவில் இந்த மருந்துக்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. வடு மேன்மேலும் பரவுகிறவர்களுக்குத் தரலாம். கரைந்துகொண்டிருப்பவருக்கு வீண் செலவு.

கே: பலூன் ஊதினால் வடு கரையுமா? – பீர்மேடு

ப: கரையாது. நடங்கள்.

கே: அப்பா வீட்டில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்ஸிஜனில் இருக்கிறார். மூணாறில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா? – போடி

ப: மூணாறு சுமார் 1500 மீட்டர் உயரம்; கடல்மட்டத்தை ஒப்பிட்டால் காற்றில் ஆக்ஸிஜன் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே 2 லிட்டர் போதாமல் போகலாம். எவ்வளவு கூட்டலாம் என்பதை மருத்துவரிடம் முன்னதாக எழுதி வாங்குங்கள். பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1500 லிட்டர் இருக்கும்: 2 லிட்டர் ஓட்டத்தில் பன்னிரண்டரை மணி நேரம், 3 லிட்டரில் எட்டு மணி நேரம்தான். மலையில் கரண்ட் போனால் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கருவி) நின்றுவிடும் என்பதால் தங்கும் இடத்திலும் ஒரு சிலிண்டர் வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் உருளாமல் காரில் கட்டிவையுங்கள். வண்டிக்குள் யாரும் புகைக்கக் கூடாது. போன இரண்டு வாரத்தில் காய்ச்சலோ புதிய மூச்சிரைப்போ வந்திருந்தால், அக்காவைப் போடிக்கு வரச் சொல்லுங்கள்.