வீட்டுக் கதவுக்கு வெளியே

கேள்வி: பொறுப்பில் இருப்பவரின் நம்பிக்கையும் ஒழுக்கமும் அவர் வீட்டோடு போகட்டும், வேலையை மட்டும் பார்த்தால் போதாதா?

பதில்: பெரும்பாலும் போதும், ஆனால் வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருப்பதில்லை. பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃபியூமோ, இளம்பெண் ஒருவருடனான பழக்கத்தில் தவறேதும் இல்லை என்று 1963 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து சொல்லி, அது பொய்யென்று ஒப்புக்கொண்டு ஜூனில் பதவி விலகினார். அந்தப் பழக்கத்தைக் காட்டிலும் (அதே பெண்ணுக்குச் சோவியத் அதிகாரி ஒருவரையும் தெரியும் என்பது சந்தேகத்தைப் பெருக்கியது) அவையில் சொன்ன பொய்தான் அவரை வீழ்த்தியது என்பேன். நம்பிக்கை வேறு விஷயம். கத்தோலிக்கரான அமெரிக்க அதிபர் வேட்பாளர் கென்னடி, 1960இல் ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னிலையில், மனசாட்சியையோ நாட்டு நலனையோ மீறித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் பதவி விலகுவேன் என்றார். அதிகாரி யாரை வழிபடுகிறார் என்பது நமக்கு வேண்டாம்; வேறு தெய்வத்தை வழிபடுபவரின் மனுவை அவர் கோப்புகளுக்கு அடியில் செருகி வைக்கும்போதுதான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.