பழைய மெத்தை மீண்டும் பாலியால் ஆகுமா?

கேள்வி: பாலித்தீனை உருக்குவதுபோல் பழைய மெத்தை ஃபோமையும் உருக்கி வார்க்க முடியாதா?

முடியாது. பாலித்தீனில் சங்கிலிகள் தனித்தனி. சூடேறினால் வழுக்கி ஓடும். மெத்தையின் பாலியூரித்தேன் ஃபோமில் அவை மீன்வலைபோல் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. சூட்டில் உருகாது, கருகும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. தயவுசெய்து குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். கடையில் 'ரீபாண்டட்' என்று விற்பது, வெட்டுத்துண்டுகளை அரைத்துப் பிசின் கலந்து நீராவி விட்டு அழுத்தியது. நல்ல பயன்தான், ஆனால் அதில் வலை அப்படியே இருக்கிறது. மூலப்பொருளான பாலியால் (ஃபோமின் நீளச் சங்கிலிகளைத் தரும் திரவம்) திரும்ப வேண்டுமானால் முடிச்சை ரசாயனத்தால்தான் அவிழ்க்க வேண்டும்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் கிளைகாலிசிஸ் (கிளைகாலால் முடிச்சை அவிழ்க்கும் முறை) செய்து பார்க்க அளவுகள் சொல்லுங்கள்.

100 கிராம் ஃபோம், 150 கிராம் டை எத்திலீன் கிளைகால், வினையூக்கியாக 1 கிராம் பொட்டாசியம் அசிடேட். ஃபோமை 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, உலர்த்தும் ஓவனில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் நச்சான அமீன்கள் கூடும். கிளைகாலையும் வினையூக்கியையும் மூன்று வாய்க் குடுவையில் நைட்ரஜன் ஓட்டத்தில் 190–200 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். இந்தச் சூடு கிளைகாலின் தீப்பற்றும் நிலையைத் தாண்டியது. ஆகவே நைட்ரஜனும் புகைபோக்கி அறையும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

கனமீட்டருக்கு 20 கிலோ எடையுள்ள ஃபோமில் 100 கிராம் 5 லிட்டர் இடத்தை அடைக்கும். அதனால் கைப்பிடி கைப்பிடியாகத்தான் போட முடியும். முதலில் மிதக்கும், ஓரம் பழுப்பாகி, சுருங்கி, ஒரு கணத்தில் கிளைகாலுக்குள் கரைந்து மறையும். அது மறைந்த பிறகே அடுத்த பிடி. கடைசித் துண்டு கரைந்ததும் இன்னும் 2–3 மணி நேரம் அதே சூட்டில் கலக்குங்கள். ஆறவிட்டுப் பிரிபுனலில் ஓர் இரவு வைத்தால் இரண்டு அடுக்காகும். மேலே இருப்பது பாலியால். கீழே அடர்ந்த பழுப்பில் மிஞ்சிய கிளைகால், கார்பமேட்டுகள் (கிளைகாலோடு ஒட்டிய முடிச்சுத் துண்டுகள்), கொஞ்சம் அமீன்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? புது ஃபோம் செய்யும்போது 100 பாகம் பாலியால், 4 பாகம் நீர், சுமார் 50 பாகம் டி.டி.ஐ. (பாலியாலை முடிச்சுப் போடும் டொலுயீன் டை ஐசோசயனேட்) சேர்த்தால், நீரும் டி.டி.ஐ.யும் வினைபுரிந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு போக ஏறத்தாழ 144 பாகம் ஃபோம் வரும். ஆக, 100 கிராம் ஃபோமில் இருக்கும் பாலியால் 69 கிராம்தான். உங்கள் மேல் அடுக்கு 80 கிராம் வந்தால் மகிழாதீர்கள். அதில் கிளைகால் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: புதுப் பாலியாலோடு மீட்ட பாலியாலை 30 சதவீதம் கலந்தோம். ஃபோம் எழும்பியது, ஆறியதும் சுருங்கிவிட்டது. ஏன்?

பெரும்பாலும் அந்த ஒளிந்த கிளைகால்தான் காரணம். மெத்தைக்கான 3000 மூலக்கூறு எடை பாலியாலின் ஹைட்ராக்சில் எண் (டி.டி.ஐ.யோடு வினைபுரியும் ஹைட்ராக்சில் தொகுதிகளின் அளவு) 56. டை எத்திலீன் கிளைகாலுக்கோ 1057. மீட்ட பாலியாலில் 5 சதவீதம் கிளைகால் தங்கினாலே எண் 106 ஆகிவிடும். நீருக்குப் போகும் பங்கை விட்டால், 100 பாகம் பாலியாலுக்கு 8.7 பாகம் டி.டி.ஐ. கேட்ட இடத்தில் 16.4 பாகம் கேட்கும். கிளைகாலும் அமீனும் முந்திக்கொண்டு வினைபுரிவதால் ஜெல் சீக்கிரம் கட்டி, நுண்ணறைகள் திறக்காமலே நின்றுவிடும். உள்ளே சிக்கிய வாயு ஆறும்போது ஃபோம் உள்வாங்கும்.

ஒவ்வொரு பேட்சையும் டைட்ரேட் செய்து ஹைட்ராக்சில் எண்ணைக் கண்டு, வந்த எண்ணை வைத்தே டி.டி.ஐ. கணக்குப் போடுங்கள். மேல் அடுக்கை இலேசாக அமிலமாக்கிய நீரில் கழுவினால் கிளைகாலும் பொட்டாசியமும் இறங்கும். பிறகு வெற்றிடத்தில் உலர்த்தி, நீர் 0.1 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். 10 சதவீதத்தில் தொடங்கி, நிலையாக வந்தால் மட்டும் ஏற்றுங்கள். வினையை விடக் கழுவுவதுதான் இந்தத் தொழிலின் உயிர். அதில் மிச்சம் பிடிப்பவர்கள் ஃபோமில் இழக்கிறார்கள்.

கேள்வி: மலிவு ஃபோமைக் கரைத்தால் அடியில் வெள்ளைச் சேறு தங்குகிறதே?

சுண்ணாம்புத்தூள், அதாவது கால்சியம் கார்பனேட். எடை கூட்டச் சேர்ப்பது. சூடாக இருக்கும்போதே வடிகட்டிவிடுங்கள். கிளைகாலுக்குப் பதில் அமிலத்தால் பிரிக்கும் முறையில் இது பெரிய தொல்லை: அமிலத்தைத் தின்று வாயுவைக் கிளப்பி, உலையைப் பொங்க வைக்கும்.

கேள்வி: கீழ் அடுக்கைச் சாக்கடையில் ஊற்றலாமா?

கூடவே கூடாது. அதிலுள்ள டொலுயீன் டை அமீன், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தப்பட்ட பொருள்; தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். டை எத்திலீன் கிளைகாலே சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, கிளைகாலை அடுத்த பேட்சுக்கு எடுங்கள். மிச்சத்தை அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

கேள்வி: டி.டி.ஐ.யை மீட்க வழியே இல்லையா?

நேரடியாக இல்லை. கார்பமேட்டை டை அமீன்வரை பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவோடு வினைபுரிய வைக்க வேண்டும். அது பெரிய ஆலைகளின் வேலை. ஜெர்மனியின் லெவர்குசனில், 1937-இல் ஓட்டோ பாயர் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்த அதே ஊரில், ரசாயன நிறுவனமான கோவெஸ்ட்ரோ 2021-இல் தொடங்கிய சோதனை ஆலையின் குறி பாலியால், டை அமீன் இரண்டும்தான்.

கேள்வி: பழைய ஃபிரிட்ஜ் ஃபோமையும் உதிர்ந்த ஷூ அடிப்பாகத்தையும் மெத்தையோடு சேர்க்கலாமா?

வேண்டாம். ஃபிரிட்ஜ் ஃபோம், டி.டி.ஐ.க்குப் பதில் எம்.டி.ஐ. என்ற வேறு ஐசோசயனேட்டில் செய்த வகை, அதன் பாலியால் குட்டையானது, கிளைகாலோடு கலந்தே நிற்கும், அடுக்குப் பிரியாது. தனியாகச் செய்தால் மறுபடி கெட்டி ஃபோமுக்கு உதவும். ஆனால் பழைய பெட்டிகளில் ஓசோனைக் கெடுக்கும் சி.எஃப்.சி., புதியவற்றில் எளிதில் தீப்பிடிக்கும் சைக்ளோபென்டேன். மூடிய அமைப்பில் வாயுவை உறிஞ்சிய பிறகே நறுக்க வேண்டும். அலமாரியில் வைத்த ஷூ தூளாக உதிர்ந்தால், அது பெரும்பாலும் பாலியெஸ்டர் வகை. காற்றின் ஈரமே அதைப் பல வருடமாக அறுத்துவிட்டது. அந்தத் துணுக்குகள் மெத்தைப் பாலியாலின் அமில எண்ணை (அதிலுள்ள அமிலத்தின் அளவை) ஏற்றிவிடும். தனி மூட்டையில் கட்டுங்கள்.