டர்ஃப் மைதானத்தில் கால் முறிந்தால்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வாடகை டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானத்தில்) பந்தாடியபோது, பிரிந்து கிடந்த புல்விரிப்பில் தடுக்கி என் மகனுக்குக் கால் முறிந்தது. ‘விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள். வழக்குக்குப் பாலக்காடு போகவேண்டுமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். மைதானத்துக்குச் செலுத்திய வாடகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் புகார்க் கட்டணமும் இல்லை. பலகை மாட்டியதாலேயே பராமரிப்புக் குறைபாடு மன்னிக்கப்படாது. ஆனால் எதிராளியோடு மோதி முறிந்திருந்தால் கதை வேறு; அது ஆட்டத்தோடு வரும் ஆபத்து. ஆகவே தடுக்கியதைத்தான் நிரூபிக்கவேண்டும். பிரிந்த இணைப்பின் புகைப்படத்தை இன்றே எடுங்கள், நாளைக்குள் ஒட்டிவிடுவார்கள். வாடகை செலுத்திய ரசீது, காயத்தின் காரணம் எழுதிய மருத்துவச் சான்று, உடன் ஆடிய இருவரின் வாக்குமூலம் ஆகியவற்றோடு முதலில் பதிவுத்தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.