தியானத்தில் அமர்ந்தாலே சலிப்பு வருகிறது. கவனிக்கும் ஆர்வத்தை வளர்த்துக்கொள்வது எப்படி?

தியானத்திற்கு அமர்ந்த சிறிது நேரத்திலேயே சலிப்புத் தட்டுவதாகவும், ஆர்வத்தோடு கவனிக்கப் பழகினால் மனம் நிலைக்கும் என்று பலர் சொல்வதால் அந்த ஆர்வத்தை வளர்க்கும் வழி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். உடனே விடை கிடைக்காத கேள்வியோடு சற்று நேரம் இருக்கப் பழகுங்கள் என்பதே என் பதில். நம்மில் பெரும்பாலோருக்கு ஆர்வத்தில் குறையில்லை. அது எழும்போதே கைப்பேசி அதைத் தீர்த்துவைத்துவிடுகிறது.

உளவியலாளர் டேனியல் பெர்லைன் ஆர்வத்தை வகைப்படுத்தியபோது, புதிதாக ஏதேனும் கிடைக்காதா என்று அலையும் ஆர்வத்தையும், ஒன்றை அறியும்வரை அதனிடமே நிற்கும் ஆர்வத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். மைண்ட்ஃபுல்னஸ் என்று இன்று பலரும் குறிப்பிடும் மனக்கவனத்திற்கு உதவுவது இரண்டாவது வகைதான். 2004-இல் ஸ்காட் பிஷப்பும் உடன் ஆய்வாளர்களும் மனக்கவனத்தை வரையறுத்தபோது, கவனத்தை நிகழ்கணத்தில் நிறுத்துவதோடு, அங்கே தோன்றுவதை ஆர்வத்துடனும் திறந்த மனத்துடனும் ஏற்புடனும் அணுகுவதையும் அதன் பாதியாகவே வைத்தார்கள். 2014-இல் கலிபோர்னியாவில் மத்தியாஸ் குரூபர் குழுவினர் நடத்திய ஆய்வும் இங்கே பொருந்தும்: ஒரு கேள்வியின் விடையை அறியத் துடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள், அந்த இடைவெளியில் காட்டப்பட்ட, கேள்வியோடு எந்தத் தொடர்பும் இல்லாத முகங்களைக்கூட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். காத்திருக்கும் அந்த நேரத்தைத்தான் நாம் தேடுபொறியிடம் பறிகொடுக்கிறோம்.

எதைக் கவனிப்பது என்று தெரியவில்லை என்றால் தொல்காப்பியமே துணைக்கு வரும். வியப்பு பிறக்கும் இடங்களாக அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கைச் சொல்கிறது. முதலிரண்டைத் தேடி நாம் விமானம் ஏறுகிறோம். சிறியதும், ஒன்று மற்றொன்றாக மாறுவதும் வீட்டு வாசலிலேயே கிடைக்கின்றன.

மலேசியாவின் பினாங்கில் இருப்பவர் என்றால், தண்ணீர்மலைக் கோயிலைக் கடந்து அதே சாலையில் மேலே சென்றால் வரும் தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரத்தைப் பாருங்கள். சிவனுக்கு உகந்ததென்று நாம் போற்றும் அம்மரத்தின் பூர்வீகம் தென்னமெரிக்கா என்பது ஒருபுறம் இருக்கட்டும். பூக்கள் அடிமரத்திலிருந்தே புறப்படும் காம்புகளில் தொங்கும். கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்துப் பார்த்தால், நடுவே லிங்கம்போல் தோன்றும் பகுதியைச் சுற்றி வளையமாகச் சில மகரந்தத் தாள்களும், படமெடுத்த நாகம்போல் அதன்மீது கவிந்த பகுதியில் வேறு சில தாள்களும் இருப்பது தெரியும். ஒரே பூவுக்கு இருவகைத் தாள்கள் எதற்கு? கைப்பேசியை எடுக்காமல் அங்கேயே நில்லுங்கள். நிறத்தையும் நீளத்தையும் ஒப்பிடுங்கள், விரலில் ஒட்டும் தூளை முகருங்கள், மரத்திலுள்ள பூவுக்குள் வண்டு எப்படி நுழைகிறது என்று கவனியுங்கள். நாகப்படம் போன்ற பகுதியிலுள்ள மகரந்தம் வண்டுக்கு உணவாக வைக்கப்பட்டது, விதை உண்டாக்குவது வளையத்திலுள்ளதுதான் என்ற விடையை நான் சொல்லிவிட்டேன். ஆயினும் மரத்தடியில் நின்று பார்க்க வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன. அப்படி நிற்கும் நேரத்தில் மூச்சை எண்ணாமலேயே மனம் ஒருமுகப்பட்டிருக்கும்.

இதே பார்வையை உள்ளே திருப்புவதுதான் கடினம். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் வேலை முடிந்து, கடலுக்கு அப்பாலுள்ள பட்டர்வொர்த் பக்கம் திரும்பும் எனக்கு, மாலை நேரத்துப் பாலத்து நெரிசலே பயிற்சிக்கூடம். யாரேனும் குறுக்கே காரை நுழைத்ததும் எழும் கோபத்தை ஏன் என்று கேட்டால், மனம் உடனே வழக்காடத் தொடங்கி அந்த ஓட்டுநரின் பரம்பரை வரைக்கும் போய்விடும். எங்கே, எப்படி என்று கேட்டால் கதைக்கு இடமில்லை: தாடை இறுகியிருக்கிறதா, ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்கின்றனவா, நெஞ்சிலுள்ள சூடு கூடுகிறதா குறைகிறதா? கோபம் மறைந்துவிடும் என்று உறுதி கூற மாட்டேன். அது உடம்பில் ஓர் அசைவாகத் தெரிந்தபின், ஹாரனை அழுத்துவதா வேண்டாமா என்று யோசிக்க இடம் கிடைக்கிறது. தன்வளர்ச்சி என்று பெரிதாகப் பேசப்படுவதில் எனக்கு நம்பிக்கையுள்ள பகுதி இவ்வளவே. ஆர்வத்தை வளர்க்கத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லும் திட்டங்கள் கணக்கு எழுதும் வேலையாகவே முடிகின்றன.

புகைப்பழக்கத்திலும் இவ்வழி சோதிக்கப்பட்டிருக்கிறது. ஜட்சன் ப்ரூவர் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், புகைக்கும் வேட்கை எழும்போது அதை அடக்காமல் உடம்பில் அது எப்படித் தோன்றி மாறுகிறது என்று ஆராயக் கற்றவர்களில் 31 விழுக்காட்டினர் 17ஆம் வாரத்திலும் புகைக்காமல் இருந்தனர். வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் அது 6 விழுக்காடு. பங்கேற்றவர்கள் 88 பேர்தான் என்பதால் இந்த எண்களை நான் பெரிதாகத் தூக்கிப்பிடிக்க மாட்டேன். வேட்கையை ஆராயலாம் என்ற அணுகுமுறையே எனக்கு முக்கியம்.

அண்மையில் பேரிழப்பையோ அச்சம் தந்த நிகழ்வையோ கடந்தவராக இருந்தால், உள்நோக்கிக் கவனிப்பது பதற்றத்தைக் கூட்டவும் கூடும். அப்போது கண்ணைத் திறந்துகொண்டு பூ, சமையல், மழைச்சத்தம் போன்ற வெளிப்பொருள்களோடு மட்டும் தொடங்குங்கள். பதற்றம் நாள்கணக்கில் நீடித்தால் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசு சுகாதார நிலையத்துக்குச் சென்று மருத்துவரிடம் சொல்லுங்கள், தியானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.