சாதாரணக் குடும்பக் கார் டயரைச் சுழலவைக்குமா?

பந்தயக் காரைப் போல, 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட குடும்ப செடானும் கிளம்பும்போது டயரைச் சாலைப் பிடிப்பில்லாமல் வீணாகச் சுழலவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுழலவிடும், ஆனால் முதல் கியரில் மட்டும்.

இன்ஜினின் முறுக்குவிசை 110 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். முதல் கியரும் இறுதிப் பற்சக்கரமும் சேர்ந்து அதை ஏறத்தாழ 14 மடங்காகப் பெருக்குவதால், இழப்புகள் போக, டயர் சாலையைத் தள்ளும் விசை 4,500 நியூட்டன் அளவுக்கு வரும். முன்சக்கரங்களின் மேல் 600 கிலோ எடை இருந்தால், உலர்ந்த தார்ச்சாலையில் கிடைக்கும் பிடிப்பு சுமார் 4,700 நியூட்டன்தான். கார் பாய்ந்து கிளம்பும் கணத்தில் எடை பின்பக்கம் சாய்வதால், முன்சக்கர இயக்கமுள்ள வண்டியில் அந்தப் பிடிப்பு மேலும் குறைகிறது. இன்ஜினை நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு ஏற்றிவிட்டு கிளட்சைச் சட்டென்று விட்டால், இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான ஃப்ளைவீலில் தேங்கிய ஆற்றலும் சேர்ந்துகொள்ள, டயர் கிறீச்சிட்டு ரப்பர் நாற்றம் எழும்.

முதல் மழை எண்ணெய்ப் படலத்தைக் கிளப்பிய சாலையிலோ, மணல் படிந்த மேட்டிலோ இவ்வளவு முயற்சியே வேண்டாம். கவனக்குறைவான கால் போதும். சாதாரண டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு) உள்ள காரில் அப்போது பிடிப்புக் குறைந்த ஒற்றைச் சக்கரமே வீணாகச் சுழல்வதைக் காணலாம். டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தால், அந்தச் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்தோ இன்ஜின் விசையைக் குறைத்தோ நொடிப்பொழுதில் அடக்கிவிடும்.

இரண்டாம் கியரில் பெருக்கம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், உலர்ந்த சாலையில் டயர் வழுக்காது. வேடிக்கைக்காகச் செய்பவர்கள் கிளட்ச் தட்டின் விலையை முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.