புரிந்தது என்று சொல்வதற்கு மதிப்பெண் எதற்கு?

கேள்வி: எங்கள் இணையவழி வகுப்பில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ‘எந்த அளவு புரிந்தது? 1 முதல் 5 வரை குறியுங்கள்’ என்று ஒரு படிவம் அனுப்புகிறோம். அந்த எண்ணே மதிப்பெண்ணாகவும் சேரும். எல்லாரும் 5 போடுகிறார்கள்; தேர்வு வைத்தால் பாதிப் பேர் திணறுகிறார்கள். உண்மையைச் சொல்ல வைப்பது எப்படி?

பதில்: முதலில் அந்த மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். குறைத்துப் போட்டால் நஷ்டம் என்றால் யார் குறைத்துப் போடுவார்கள்? அது மாணவர்களின் குணக்கேடு அல்ல, படிவத்தின் கோளாறு. மதிப்பெண் தந்தே ஆகவேண்டும் என்றால், படிவத்தை நிரப்பி அனுப்பியதற்கு மட்டும் தாருங்கள். எந்த எண்ணைக் குறித்தாலும் மதிப்பெண் மாறாது என்பதைப் படிவத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

அதற்குப் பிறகும் பலர் 5 போடத்தான் செய்வார்கள். நிஜமாகவே புரிந்துவிட்டதாக நம்புவதுதான் காரணம். காணொலி பார்த்த கையோடு எல்லாமே தெளிவாகத் தோன்றும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கணித்தார்கள். ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தவர்களோ, பத்தியை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். எனவே படிவத்தை அன்றே அனுப்பாமல் மறுநாள் அனுப்புங்கள்.

கேள்வியையும் மாற்றுங்கள். பாடம் சராசரியைப் பற்றியது என்று வையுங்கள். ‘சராசரி புரிந்ததா?’ என்று கேட்டால் ‘ஆம்’ என்றுதான் பதில் வரும். 4, 5, 6, 7, 8 என்று ஐந்து எண்களைக் கொடுத்து, 8ஐ 80 ஆக்கினால் சராசரி, இடைநிலை (வரிசையில் நடுவே வரும் எண்) இரண்டில் எது மாறும், ஏன் என்று கேளுங்கள். விடை எழுதும் முன் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்: எதையும் பார்க்காமல் செய்வேன், குறிப்பைப் பார்த்தால் செய்வேன், எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. விடையைச் சமர்ப்பித்த பிறகுதான் சரியான விடை திரையில் வரவேண்டும்: இடைநிலை 6 அப்படியே இருக்கும், சராசரி 6இலிருந்து 20.4 ஆகும். அதன் பக்கத்திலேயே அவர் முன்பு தேர்ந்தெடுத்ததும் தெரியட்டும்.

பலரும் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த படியில். ‘தெரியவில்லை’ என்று குறித்தவருக்கு ஓரிரு நாளில் ஒரு சிறு விளக்கமோ கூடுதல் பயிற்சியோ போய்ச் சேர வேண்டும். சொல்லியும் ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார்.

கேள்வி: மாதிரி விடையைக் கொடுத்து, தங்கள் விடையைத் தாங்களே திருத்தச் சொன்னால், பார்த்து எழுதிவிட்டு முழு மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்களே?

பதில்: முதல் விடை சமர்ப்பித்ததும் பூட்டப்பட வேண்டும், மாதிரி விடை அதன் பிறகே திறக்க வேண்டும். திருத்தத்தைத் தனிப் பெட்டியில் எழுதட்டும்: எந்த வரி தவறு, ஏன் தவறு, இப்போது எப்படி எழுதுவேன். மதிப்பெண்ணை இந்தப் பெட்டிக்குக் கொடுங்கள். தவறைக் கண்டுபிடித்தால் லாபம் என்றானதும் மறைக்க வேண்டிய அவசியம் போய்விடும். ஒவ்வொரு முறையும் சிலருடையதை மட்டும் நீங்கள் படித்து மறுமொழி எழுதினால் போதும்.

கேள்வி: உறுதி அளவு மதிப்பீடு என்கிறார்களே, அது என்ன?

பதில்: ஒவ்வொரு விடையோடும் அது எவ்வளவு உறுதி என்று 1, 2, 3 எனக் குறிப்பது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் கார்ட்னர்-மெட்வின் பரப்பிய முறை. மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் மென்பொருளின் வினாடி வினாவிலேயே இதற்கு வசதி உண்டு. விடை சரியானால் குறித்த எண்ணே மதிப்பெண். தவறானால் 1க்கு 0, 2க்கு கழித்தல் 2, 3க்கு கழித்தல் 6. பத்துக்கு ஆறு சரியாக எழுதும் ஒருவர் எல்லாவற்றுக்கும் 3 போட்டால் 18இல் 24 போய், கழித்தல் 6 வரும்; எல்லாவற்றுக்கும் 1 போட்டிருந்தால் 6 கிடைத்திருக்கும். கணக்குப்படி 80 சதவீதத்துக்கு மேல் உறுதி இருந்தால்தான் 3 லாபம்; 67க்குக் கீழே 1 போடுவதே நல்லது. உண்மையைச் சொல்பவருக்கே அதிகம் கிடைப்பதுதான் இதன் அழகு. முதல் சில முறை மதிப்பெண்ணில் சேர்க்காமல் பழக விடுங்கள். இல்லையென்றால் பயந்தவர்கள் எல்லாவற்றுக்கும் 1 போட்டுவிடுவார்கள். கட்டுரை விடைகளுக்கு இது ஒத்துவராது.

கேள்வி: நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி எப்போதும் தன்னைக் குறைத்தே மதிப்பிடுகிறாள். அடக்கம்தானே, விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்து நேரத்தை வீணாக்குவாள். தனக்கு எளிதாக இருப்பது எல்லாருக்கும் எளிது என்று நினைப்பது இதற்கு ஒரு காரணம். உளவியலாளர்கள் குரூகரும் டன்னிங்கும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், முன்னணியில் இருந்தவர்கள் மற்றவர்களின் விடைத்தாள்களைப் பார்த்த பிறகு தங்களைப் பற்றிய கணிப்பை உயர்த்திக்கொண்டார்கள். கடைசியில் இருந்தவர்களுக்கு அது பயன்படவில்லை. பெயர் நீக்கிய மூன்று விடைகளை, வெவ்வேறு தரத்தில், அவளுக்குக் காட்டுங்கள். மதிப்பெண் போடுவதற்கான அளவுகோலை வைத்து முதலில் அவற்றைத் திருத்தட்டும், பிறகு தன்னுடையதை.